மற்றவர்களின் குளிர்காலம்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார். நான் பக்கத்தில், அம்மா பின்னிருக்கையில் மடியில் பலகாரத் தூக்கோடு. மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி நெடுஞ்சாலை இறங்கத் தொடங்கும் இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழைகூட இல்லை. முன்னால் போன லோரியின் பின்விளக்கு சிவந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை.

வேகம் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் லோரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்பா இடப்பக்கம் ஒடித்தார். அவசரத் தடத்தில் ஏறி, இரும்புத் தடுப்பை உரசிக்கொண்டு நின்றோம். லோரி எதுவும் தெரியாமல் போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. தூக்கிலிருந்த முறுக்கு மட்டும் கார் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

"ரோட்டுல எண்ணெ கொட்டியிருக்கும்" என்றார் அப்பா. இறங்கிப் பார்த்தார். எண்ணெய் எதுவும் இல்லை. "டயர் புதுசு மாதிரிதானேம்மா இருக்கு. பூ இன்னும் தேயவே இல்லையே."

டயரின் வரிப்பள்ளங்களை மலாய்மொழியில் பூ என்றுதான் சொல்வார்கள். அப்பாவுக்கும் அது பூதான். அந்த டயர்களை மூன்று மாதத்துக்கு முன்னால் ஊரில் உள்ள ஒரு பழைய டயர் கடையில் வாங்கிப் போட்டிருந்தார். ஒன்று 60 வெள்ளி. புது டயர் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஜப்பான் சாமான், பூ எவ்வளவு ஆழம் பாரு என்று தவுக்கே காட்டினாராம். அப்பாவும் பார்த்திருக்கிறார். உண்மையிலேயே ஆழமாகத்தான் இருந்தது.

அன்றிரவு கைப்பேசி வெளிச்சத்தில் டயரின் பக்கச்சுவரைப் படித்தேன். நான் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பொறியாளர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பாலிமர் படித்தவள். மூன்று மாதமாக அந்தக் காரில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. நான்கு இலக்கத் தேதி முத்திரை 4114 என்றது. அதாவது 2014-ஆம் ஆண்டின் 41-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. அதற்கு மேலே ஆங்கிலத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று பொறித்திருந்தது.

ஸ்டட்லெஸ் என்றால் ஆணி இல்லாதது. ஜப்பானில் குளிர்காலத்துக்கென்றே செய்யப்படும் டயருக்கு அதுதான் பெயர். உறைந்த சாலைக்காகக் கலக்கப்பட்ட ரப்பர், பேராக்கின் 27 டிகிரி மழையில் எங்களைச் சுமந்துகொண்டிருந்தது.

குளிர்கால டயரை வருடம் முழுக்க ஓட்டலாமா? ஜெர்மனியிலும் கனடாவிலும் ஒவ்வொரு வசந்தத்திலும் கார்க்காரர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. நமக்குக் குளிர்காலமே கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பதிலைத் தேடிப் போனபோது, டயருக்கும் முன்னால், ரப்பரிலிருந்தே தொடங்கவேண்டியிருந்தது.

*

ரப்பருக்கும் பருவத்துக்கும் பழைய பகை. 1830களில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் ரப்பர் மீது ஒரு மோகம் கிளம்பியது. பிரேசிலிலிருந்து வந்த ரப்பரில் காலணி, மேலங்கி, பை என்று செய்து விற்றார்கள். தண்ணீர் ஊறாத பொருள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் கோடை வந்ததும் அவை உருகிப் பிசுபிசுத்து நாறின. குளிர்காலத்தில் பலகைபோல இறுகின. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ராக்ஸ்பரியில் இருந்த ஒரு ரப்பர் நிறுவனம், வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய சரக்கைக் குழி தோண்டிப் புதைத்தது என்று ஒரு கதை உண்டு.

இந்தப் பகையைத் தீர்த்தே ஆவேன் என்று கிளம்பியவர் சார்ல்ஸ் குட்இயர். கடனால் சிறைக்குப் போனவர். அரசாங்கத்துக்கு அவர் செய்துகொடுத்த தபால் பைகள்கூட வெயிலில் குழைந்துபோயின. 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டபோது, அது உருகாமல் தோல்போலக் கருகியதைப் பார்த்தார் என்பது நம் பாடப்புத்தகங்களில் வரும் கதை. 1844-இல் காப்புரிமை கிடைத்தது. 1860-இல் இறந்தபோதும் அவர் கடனாளிதான். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898-இல் வேறு ஆட்கள் தொடங்கியது. அவர் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கந்தகம் செய்வது எளிமையான வேலை. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு ஓடாமல் அங்கங்கே முடிச்சுப் போடுகிறது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் தினமும் நடப்பது அதுதான். குட்இயரின் ரப்பரை முதல் 'எல்லாப் பருவ' ரப்பர் என்று சொல்லலாம். காலணிக்கும் மேலங்கிக்கும் அது போதும். வேகமாக ஓடும் ஒரு காரை மழையிலும் பனியிலும் பிடித்து நிறுத்த அது போதாது என்பது தெரிய, முதலில் கார் வரவேண்டியிருந்தது.

அதற்குள் மரம் நம் பக்கம் வந்துவிட்டது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில், பேராக் ஆளுநர்ப் பிரதிநிதி ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலிக்குள் நிற்கிறது. அன்று மாலை நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊர் அது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பால் வெட்டும் முறையைத் தோட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. கங்காணிகள், கப்பல்கள், லயங்கள், பிரட்டுக்களம். என் கொள்ளுத்தாத்தாவும் அந்தக் கதைக்குள்தான் இறங்கினார்.

*

கார் வந்த முதல் சில பத்தாண்டுகளில் பனி நாடுகளில் பலர் குளிர்காலத்தில் காரை மூடி நிறுத்திவிட்டுக் குதிரைவண்டிக்குத் திரும்பினார்கள். ஓட்டியே ஆகவேண்டியவர்கள் சக்கரத்தில் எதையாவது சுற்றினார்கள். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர், வண்டிக்காரர்கள் சக்கரத்தில் கயிறு சுற்றுவதைப் பார்த்துத்தான் சங்கிலி யோசனைக்கு வந்தார் என்பார்கள். 1904-இல் அவருக்கு டயர்ச் சங்கிலிக்கான காப்புரிமை கிடைத்தது. சங்கிலி பனியில் பிடிக்கும். பனி விலகிய சாலையில் தடதடக்கும், சாலையையும் கிழிக்கும், சில சமயம் அறுந்தும் போகும்.

பனிக்கென்றே ஒரு டயர் முதலில் பிறந்த இடம் பின்லாந்து. நோக்கியா என்றால் நமக்குக் கைப்பேசிதான் நினைவுக்கு வரும். அது ஓர் ஊரின் பெயர். 1898-இல் தொடங்கப்பட்ட பின்லாந்து ரப்பர் நிறுவனம் சில வருடங்களில் அந்த ஊருக்கு இடம்மாறியது. முதலில் காலணி, பிறகு சைக்கிள் டயர், 1932-இல் கார் டயர். 1934-இல் லோரிகளுக்காக 'கெலிரெங்காஸ்' என்ற டயரைச் செய்தார்கள். ரெங்காஸ் என்றால் டயர். கெலி என்ற பின்னிய மொழிச் சொல் வானிலையையும் குறிக்கும், அந்த வானிலையில் சாலை இருக்கும் நிலையையும் குறிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள்தான் இந்த டயரை யோசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

கெலிரெங்காஸின் ரகசியம் அதன் பூவில் இருந்தது. ஓட்டத்துக்குக் குறுக்காக அமைந்த பெரிய கட்டைகள் பனியைக் கவ்வித் தள்ளின. 1936-இல் கார்களுக்கும் ஒன்று வந்தது. பெயர் 'லுமி-ஹக்கபெலித்தா'. லுமி என்றால் பனி. ஹக்கபெலித்தா என்பது 17-ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் சுவீடன் அரசருக்காகச் சண்டை போட்ட பின்லாந்துக் குதிரைப்படையின் பெயர். வெட்டித் தள்ளு என்ற பொருளில் அவர்கள் எழுப்பிய போர்முழக்கத்திலிருந்து வந்தது. ஹக்கபெலித்தா என்ற பெயரில் இன்றும் டயர் விற்கிறார்கள்.

அந்த 1934-ஐ நான் இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டியிருக்கிறது. பின்லாந்தில் ரப்பர் மரம் கிடையாது. செயற்கை ரப்பர் அப்போது ஆய்வகத்தை விட்டு இப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது. உலகத்தின் ரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும்தான் போனது. அதற்கு முந்தைய சில வருடங்களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. தோட்டக் கூலி குறைக்கப்பட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934 மே மாதம், விலையைத் தூக்கி நிறுத்த, உற்பத்தி நாடுகளை ஆண்ட அரசாங்கங்கள் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்பதற்கு அளவு வந்தது. புதிதாக மரம் நடுவதற்கும் தடை வந்தது.

நோக்கியாவில் ஒருவர் பனியில் லோரி வழுக்காமல் இருக்க பூவை வரைந்துகொண்டிருந்த அதே வருடம், மலாயாவில் ஒருவர் தன் நிரையில் எத்தனை மரத்தை வெட்டலாம் என்று உத்தரவுக்காகக் காத்திருந்தார். ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. ரப்பர் மட்டும் இருவர் கையிலும் பட்டது.

*

அப்பா சொன்ன "பூ தேயவே இல்லையே" என்பது 1934-இன் பார்வை. அன்றைக்கு அது சரி. குளிர்கால டயருக்கும் மற்ற டயருக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் பூவில்தான் இருந்தது. பிறகு அந்த வித்தியாசம் ரப்பருக்குள்ளேயே இறங்கிவிட்டது. இந்த மாற்றத்தில் போருக்கு ஒரு பங்கு உண்டு.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் மிகப் பெரிய பகுதி நின்றுபோனது. அமெரிக்காவில் டயரைக் காப்பாற்றவே மணிக்கு 35 மைல் என்று நாடு முழுவதும் வேக வரம்பு போட்டார்கள். அரசாங்கமே பணம் கொட்டிச் செயற்கை ரப்பர் தொழிற்சாலைகளைக் கட்டியது. இங்கே, வாங்க ஆளில்லாத பாலோடு தோட்டங்கள் முடங்கின. அங்கிருந்த தமிழர்களில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதைப் பற்றி நம்மிடையே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் இங்கே பின்தொடர்வது அந்தப் போர் விட்டுச்சென்ற ரப்பரை.

போர் முடிந்த பிறகு கார் டயரின் மேற்பரப்பை ஆண்டது ஸ்டைரின் பியூட்டாடையீன் என்ற அந்தச் செயற்கை ரப்பர்தான். இங்கே கொஞ்சம் வகுப்பு எடுக்கவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே போனால் அது ரப்பராக இருக்காது, கண்ணாடிபோல இறுகிவிடும். இயற்கை ரப்பருக்கு அது ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரி. ஸ்டைரின் கலந்த ரப்பருக்கு அதைவிட நன்றாக மேலே. அந்தப் புள்ளியை நெருங்க நெருங்கவே ரப்பர் மந்தமாகிவிடும். 1986-இல் சாலெஞ்சர் விண்கலம் வெடித்த பிறகு, இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் விசாரணைக் கூட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தை அழுத்தி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். அது சட்டென்று பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஏழு பேர் உயிர் போனதற்கு அந்த மந்தம் ஒரு காரணம்.

டயர் சாலையைப் பிடிப்பது எப்படி? சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி, திரும்பி எழும்போது கொஞ்சம் சக்தியை வெப்பமாக இழக்கிறது. அந்த இழப்புதான் பிடிப்பு. மிகவும் இறுகிய ரப்பர் அந்த மேடுபள்ளத்துக்குள் இறங்காது. மிகவும் துள்ளலான ரப்பர் இறங்கும், ஆனால் வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். குளிரில் இறுகாமல் இருக்கும்படி கலக்கப்பட்ட ரப்பர், வெயில் நாட்டில் தேவைக்கு மேல் துள்ளுகிறது. ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது, இழக்கவேண்டிய சக்தியை இழக்க மறுக்கிறது. அன்று மெனோரா இறக்கத்தில் நடந்தவற்றில் இது ஒரு பாதி.

மறுபாதி வெட்டுகளில் இருக்கிறது. குளிர்கால டயரின் ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய கீறல்கள் இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'சைப்' என்று பெயர். 1920களில் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஜான் சைப் என்பவரின் பெயர்தான் அது. இறைச்சிக்கூடத்தின் ஈரத்தரையில் வழுக்காமல் இருக்கத் தன் ரப்பர் காலணியின் அடியைக் கீறிக்கொண்டார் என்பார்கள். உறைந்த சாலையில் அந்தக் கீறல்களின் ஒவ்வொரு விளிம்பும் ஒரு நகம். மதியம் 50 டிகிரியைத் தாண்டும் நம்முடைய தார்ச்சாலையிலோ, மென்மையான கட்டைகள் இலைபோலச் சாய்கின்றன. ஸ்டீரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புகிறது. ரப்பரும் சீக்கிரம் தேய்கிறது.

இந்த மென்மையான ரப்பர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஜப்பானிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1960களில் பனி நாடுகளில் டயரில் உலோக ஆணி பதிக்கும் பழக்கம் பரவியது. உறைந்த சாலையில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பனி இல்லாத இடத்தில் ஆணி சாலையையே அரைத்தது. மேற்கு ஜெர்மனி 1975-இல் தடை செய்தது. ஜப்பானில் செண்டாய் போன்ற நகரங்களில் குளிர்காலம் முடியும் சமயத்தில் அரைபட்ட தாரும் கல்லும் தூசியாகக் கிளம்பி நகரத்தையே மூடின. மக்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மக்களின் எதிர்ப்பு வலுத்தது. 1990-இல் ஆணி டயருக்கு எதிராகத் தனிச்சட்டமே வந்தது. ஆணியைப் பிடுங்கிய பிறகு பனியைப் பிடிக்க ரப்பரைத் தவிர வேறு வழியில்லை. 1988-இல் பிரிட்ஜ்ஸ்டோன் கொண்டுவந்த பிளிஸாக் டயரின் ரப்பருக்குள் நுண்ணிய குமிழ்கள் இருந்தன. பனிக்கட்டியின் மேல் படிந்திருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலத்தை உறிஞ்சுவது அவற்றின் வேலை. ஸ்டட்லெஸ் என்ற சொல் அப்படித்தான் ஒரு பெருமையான சொல்லாக டயரின் பக்கச்சுவரில் ஏறியது. தங்கள் நகரத்துக் காற்றுக்காகச் சண்டை போட்டவர்கள் வாங்கிக் கொடுத்த சொல் அது.

*

சரி, அந்தந்த ஊரிலேயே வருடம் முழுக்க ஓட்டினால் என்ன?

ஜெர்மனியில் 'ஓ முதல் ஓ வரை' என்று ஒரு வழக்கு உண்டு. அக்டோபர் முதல் ஓஸ்டர்ன் வரை, அதாவது ஈஸ்டர் வரை, குளிர்கால டயர். மற்ற மாதங்களுக்கு வேறு டயர். எனவே ஒரு காருக்கு எட்டு டயர். மாற்றக் கூலி, வைக்க இடம். மாடிவீட்டில் இருப்பவன் நான்கு டயரை எங்கே வைப்பான்? இந்தச் செலவைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவில் 1977-இல் குட்இயர் நிறுவனம் 'டியெம்போ' என்ற எல்லாப் பருவ டயரைக் கொண்டுவந்தது. வருடம் முழுக்க ஒரே டயர் என்பது அமெரிக்காவில் பழக்கமாகிவிட்டது. ஐரோப்பா நீண்டகாலம் அதை நம்பவில்லை. 'எம் பிளஸ் எஸ்', அதாவது சேறும் பனியும், என்ற குறியைப் பூவின் அமைப்பைப் பார்த்தே போட்டுக்கொள்ளலாம் என்பதால், பனியில் ஓட்டிச் சோதிக்காத டயர்களும் அதைச் சுமந்தன. 1999-இல் வட அமெரிக்காவில் மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் என்ற புதிய சின்னம் வந்தது. பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறினால்தான் அது கிடைக்கும். கியூபெக் மாநிலம் 2008-இல் குளிர்கால டயரைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. 2015-இல் மிஷ்லின், கோடைக்கால டயர்போல ஓடி மலைச் சின்னமும் வாங்கிய கிராஸ்கிளைமேட்டைக் கொண்டுவந்த பிறகு ஐரோப்பாவிலும் எல்லாப் பருவ டயர் மீது நம்பிக்கை வளர்ந்தது.

குளிர்கால டயரைக் கோடையில் ஓட்டக்கூடாது என்று ஜெர்மனியில் சட்டம் இல்லை. அங்கே பலர் ஓட்டத்தான் செய்கிறார்கள். பூ 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் பனிக்குப் பயன்படாது, மாற்றிவிடுங்கள் என்கிறது ஏ.டி.ஏ.சி. என்ற கார் ஓட்டுநர் சங்கம். சட்டமோ 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. நடுவில் இருக்கும் அந்த இரண்டு சொச்சம் மில்லிமீட்டரைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? அடுத்த கோடையில் ஓட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அதே சங்கத்தின் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, கோடை வெப்பத்தில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கக் குளிர்கால டயருக்குப் பல மீட்டர் அதிகம் வேண்டும் என்பதை. கோடை டயர் போட்ட கார் நின்றுவிட்ட இடத்தில், இது இன்னும் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். கோடையிலும் குளிராகவே இருக்கும் வடக்கு ஊரில், மெதுவாக, குறைந்த தூரம் மட்டும் ஓட்டுபவருக்கு வருடம் முழுக்கக் குளிர்கால டயர் பெரிய பாவமில்லை. அந்த டயர் எந்த வெப்பத்துக்காகப் பிறந்ததோ அங்கேயே அது வாழ்கிறது.

அப்பாவின் சிக்கனமும் அந்த ஜெர்மானியரின் சிக்கனமும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம், அவர் தன்னுடைய குளிர்காலத்தின் மிச்சத்தைத் தன்னுடைய கோடையில் ஓட்டுகிறார். அப்பா ஓட்டியது அவர் ஒருநாளும் பார்க்காத குளிர்காலத்தின் மிச்சத்தை.

*

ஜப்பானின் ஸ்டட்லெஸ் டயரில் பூவுக்கு நடுவே ஒரு சின்ன மேடை இருக்கும். பூ பாதி தேய்ந்ததும் மேடை மேலே தெரியும். அதற்குப் பிறகு அது பனி டயர் இல்லை என்று அர்த்தம். கவனமான ஓட்டுநர் அப்போது கழற்றிவிடுவார். மீதிப் பாதிப் பூ அப்படியே இருக்கும். சில டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிக் கழற்றப்படும். அப்படிக் கழற்றியது ஏதோ ஒரு கப்பலில் ஏறி, பனியே விழாத நாட்டின் கடையில் அடுக்கப்பட்டு, பூ ஆழம் பாரு என்று விற்கப்படுகிறது.

வேலையிடத்திலிருந்து கடினமானி ஒன்றை ஒருநாள் இரவல் வாங்கி வந்தேன். ரப்பரில் ஊசியை அழுத்தினால் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண்ணில் காட்டும் கருவி. புதிய பனி டயர் என்றால் ஐம்பது சொச்சம் காட்டியிருக்கவேண்டும். இது 64 காட்டியது. பத்து வருடத்தில் எண்ணெய் வற்றி, ரப்பர் முதிர்ந்து, குளிருக்கு வேண்டிய மென்மையும் போய்விட்டது. வெயிலுக்கான கலவையும் அதில் இல்லை. அதை எந்தப் பருவத்து டயர் என்று சொல்வது?

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தார். பதினாறு வயதிலிருந்து, தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை, சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர். மங்கில் விழும் பாலைப் பார்த்தே தண்ணி ஜாஸ்தியா என்று சொல்லிவிடுவார் என்று அம்மா சொல்வார்.

"பழைய டயர் மொட்டையா இருந்துச்சு. அதுக்கு இது மேல்தானே?" என்றார்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் மேல்தான். மொட்டை டயர் தண்ணீரில் மிதக்கும், ஆழமான பூ தண்ணீரை வெளியே தள்ளும். அவர் முட்டாள்தனமாக வாங்கவில்லை. கையில் இருந்த பணத்துக்குக் கடை என்ன காட்டியதோ அதில் சிறந்ததைத்தான் தேர்ந்தெடுத்தார். காட்டாததை அவர் எப்படிப் பார்க்கமுடியும்? பார்த்திருக்கவேண்டியவள் நான்.

புது டயர் நான்கு, 720 வெள்ளி. என் சம்பளத்தில் வாங்கினேன். புது டயர் கடைக்காரர் பழையதைத் தானே எடுத்துக்கொண்டு ஒன்றுக்கு 15 வெள்ளி தருவதாகச் சொன்னார். அப்பா சரி என்றார். நான் வேண்டாம் என்றேன். "60 வெள்ளிம்மா, சும்மாவா?" என்று கடையிலேயே குரலை உயர்த்தினார். அவற்றை அவர் வாங்கி என்ன செய்வார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கழுவி, கறுப்பு மெருகு பூசி, இன்னொரு அப்பாவுக்குப் பூவைக் காட்டுவார்.

நான்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கக் கொட்டகையில் போட்டோம். வழியெல்லாம் அப்பா பேசவில்லை. மழைத்தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதம் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை துளைக்கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் துளையை பக்கச்சுவரில் போட்டபோது ரப்பர் சூடாகி வாடை கிளம்பியது. அப்பா வாசற்படியிலிருந்து எழுந்து வந்தார். நான் போட்ட இடம் சரியில்லை, தண்ணி வடியாது என்று சொல்லிக் கருவியை வாங்கிக்கொண்டார். பக்கச்சுவரை விட்டுவிட்டு, பூவுக்கு நடுவிலேயே சுற்றிலும் ஆறாறு துளைகள் போட்டார். நிதானமாக, ஒரே இடைவெளியில்.

கடைசி டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே இத எவனும் வாங்கமாட்டான்" என்றார்.

"அதுக்குத்தான்ப்பா" என்றேன்.